பேருக்கு முதலாளி

வண்டிகளைக் கொல்கிற இடம் அது. ஓடி ஓய்ந்த லாரியோ பஸ்ஸோ அந்த இரும்புக் கேட்டுக்குள் இழுத்து வரப்பட்டால் முழுசாக வெளியே போனதாகச் சரித்திரம் கிடையாது. முதலில் டீசலை வடிப்பார்கள். பிறகு கண்ணாடி, சீட்டு, வயர். கதவுகளைக் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்குவார்கள். எஞ்சினைச் சங்கிலியில் மாட்டித் தூக்குவார்கள். கடைசியில் மிஞ்சுகிற அடிச்சட்டத்தை கேஸ் வைத்துத் துண்டு துண்டாக அறுப்பார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அடிதான், இடிதான். வெயில் நாளில் தகரத்தில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். மழை நாளில் துருவும் ஆயிலும் கலந்த சேறு கணுக்கால்வரை ஏறும். பக்கத்துத் தெருக்காரர்கள் தங்களுக்குள் ரகசியம் பேசுவதையே விட்டுவிட்டார்கள், கத்தினால்தானே கேட்கும்.

பட்டறையை நடத்தினவனுக்குச் சம்மட்டி என்று பேர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள், யார் கண்டது. 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பது அவனுக்கு வேதவாக்கு. கூடப் பிறந்த தம்பியே கேஸ் நெருப்பால் இரும்பு வெட்டுகிறவனாக அவனிடம் வேலை பார்த்ததால், அந்தப் பழமொழியை வேண்டும்போதெல்லாம் அவனால் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. தம்பிக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும்.

பழைய வண்டி வாங்கப் போனால் சம்மட்டி பேப்பரைப் பார்க்க மாட்டான், கிலோமீட்டரைப் பார்க்க மாட்டான். சுத்தியலோடு வண்டிக்கு அடியில் நுழைந்து சட்டத்தைத் தட்டிக்கொண்டே போவான். கணீரென்றால் உள்ளே இரும்பு இருக்கிறது. மொத்தென்றால் துரு தின்றுவிட்டது, பெயிண்ட்தான் நிற்கிறது. அந்த வித்தையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை, அதை மறுத்தால் நாக்கு அழுகிவிடும். வந்த வினை என்னவென்றால், மனுஷர்களையும் அவன் அப்படியே தட்டிப் பார்ப்பான். வேலை கேட்டு வருகிறவன் முதுகில் காரணமே இல்லாமல் ஓங்கி ஓர் அடி. முறைத்துக்கொண்டு நின்றால் "இரும்பு" என்று சேர்த்துக்கொள்வான். சுருண்டு போனால் "தகரம்" என்று அனுப்பிவிடுவான். கல்யாணமான புதிதில் பெண்டாட்டியையும் தட்டிப் பார்த்தான். அவள் அழவில்லை. அது இரும்பு என்று அவன் எடுத்துக்கொண்டான். போக்கிடம் இல்லாதவள் யாரிடம் அழுவாள் என்பது அவனுக்குத் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்தப் பெண்டாட்டி பேரில்தான் பட்டறை இருந்தது. எப்போதோ வாங்கின கடனைக் கட்டாமல் விட்டதில் சம்மட்டி பேர் பாங்கில் நாறிப்போயிருந்தது. அதனால் லைசென்ஸ், பாங்க் கணக்கு, வரி நம்பர் எல்லாம் அவள் பேரில். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாள். மற்றபடி காலையில் டீ, மத்தியானம் ஆட்களுக்குச் சோறும் அவித்த முட்டையும், நடுவில் எடை மேடையை ஒட்டின தகர அறையில் உட்கார்ந்து லோடு எடை பார்ப்பது. அவ்வளவுதான் முதலாளித்தனம். ஆட்களும் கிண்டலாக 'முதலாளியம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். சோற்றில் கல் கிடந்தால், "முதலாளியம்மா, இது பில்லுல உண்டா?" என்பான் ஒருவன். அவளும் சிரிப்பாள். சிரிப்பதற்கு அந்த ஒரு வேளைதான் உண்டு.

அப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் இடி விழுந்தது. இரும்பு வாங்குகிற உருக்காலையில் வரி அதிகாரிகள் புகுந்து கணக்கைப் புரட்டினார்கள். இந்தப் பட்டறையிலிருந்து போன லோடுகளில் பாதிக்குப் பில் கிடையாது என்பது வெளியே வந்துவிட்டது. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து நோட்டீஸில் போட்டிருந்த தொகைக்கு நல்ல நிலையில் ஓடுகிற லாரியாகவே எட்டு வாங்கலாம். கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டால் பாங்க் கணக்கு முடங்கும். அப்புறமும் கட்டாவிட்டால் பட்டறையைச் சீல் வைத்து ஏலம் விடுவார்கள். பட்டறைக்குப் பின்பக்கம்தான் குடித்தனமும். சீல் வைத்தால் அடுப்புக்கும் சேர்த்துத்தான். நோட்டீஸின் தலையில் அவள் பேர் இருந்தது. சம்மட்டி அதை அவளிடம் காட்டக்கூட இல்லை, கொழுந்தன்தான் சொன்னான்.

பழைய டயர் வியாபாரி ஒருவர் சொல்லி, வரிக் கணக்கு பார்க்கிற ஒரு மனிதர் வந்தார். கணக்கர் என்றே அவரைச் சொல்வார்கள். ஒல்லி, தடித்த கண்ணாடி, வியர்த்தால் கைக்குட்டையை நாலாக மடித்து ஒற்றிக்கொள்கிற ரகம். தகர அறைக்குள் உட்கார்ந்து நோட்டீஸை நிதானமாகப் படித்தார். வெளியே சுத்தியல் அடி விழும்போதெல்லாம் அவர் தோள் லேசாகத் துள்ளியது. சம்மட்டி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தான். படித்து முடித்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். அந்தப் பட்டறையில் அதுவரை யாரும் செய்யாத காரியம். மூலையில் டீ ஊற்றிக்கொண்டிருந்த அவளைப் பார்த்துப் பேசினார்.

"அம்மா, லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. நோட்டீஸும் உங்களுக்குத்தான். பில் இல்லாம எத்தனை லோடு போயிருக்கும்? தோராயமா சொன்னா போதும்."

அவளுக்குத் தெரியும். எடை பார்த்தவள் அவள்தானே. வாயைத் திறந்தாள்.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், அவகிட்ட என்ன கேள்வி?" என்றான் சம்மட்டி.

"கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு வரி ஆபீஸ்லயும் அவங்களைத்தான் கேப்பாங்க."

"அதெல்லாம் விடு. கட்டாம முடிக்க முடியுமா, முடியாதா?"

"முழுசா முடியாதுங்க. வரிய கட்டித்தான் ஆகணும். அபராதம் குறைய வாய்ப்பிருக்கு, தவணையும் கேட்டுப் பாக்கலாம். உறுதியா இப்பவே எதுவும் சொல்ல..."

சம்மட்டி தட்டிப் பார்த்தான். உட்கார்ந்த வாக்கில் வலது கையை வீசி விட்ட அறை அது. கணக்கரின் இடது காதோடு சேர்த்து விழுந்தது. மனிதர் ஸ்டூலோடு சாய்ந்து எடைக் கற்கள் மேல் போய் விழுந்தார். கண்ணாடி ஒரு பக்கம், கைக்குட்டை ஒரு பக்கம். எழுந்திருக்கப் பார்த்தவர் சுவரைப் பிடிக்க முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போயிற்று.

"தகரம்" என்றான் சம்மட்டி. "இவன் போயி எனக்காக ஆபீஸர்கிட்ட பேசுவானாம்."

அவள் கண்ணாடியைப் பொறுக்கித் துடைத்துக்கொண்டு கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். அவர் வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு கண்ணாடியில் விரிசல். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் காதைப் பொத்திக்கொண்டே, யாரிடமாவது சீக்கிரம் போய்விடுங்கள், கெடு மட்டும் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு நடந்தார். ரோட்டைக் கடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனார். பாவி, வாயைத் திறந்தது நான், அடி விழுந்தது அவருக்கா என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்தவருக்கு 'முடிச்சிடலாம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள் ஆட்கள். வெள்ளைக் கார், இரண்டு போன், மோதிரம். எதைக் கேட்டாலும் முடிச்சிடலாம். அபராதமா, முடிச்சிடலாம். வட்டியா, முடிச்சிடலாம். மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும், மிச்சத்தை ஃபைலோடு சேர்த்துப் புதைத்துவிடலாம். சம்மட்டி இவரையும் தட்டிப் பார்க்காமல் விடவில்லை. பெரிய ஸ்பேனரை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் மேஜையில் ஓங்கி அடித்தான். டீ கிளாஸ் துள்ளி விழுந்து உடைந்தது. முடிச்சிடலாம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஸ்பேனரை அவன் கையிலிருந்தே வாங்கி அதைவிடப் பலமாக ஒரு போடு போட்டார். மேஜைப் பலகை இரண்டாகப் பிளந்தது.

"ஆபீஸர் மேஜையிலயே இப்படிப் போட்டவன் நான்" என்றார்.

சம்மட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. இரும்புய்யா இவன், இரும்பு என்று தம்பியின் முதுகில் அறைந்து அறைந்து சொன்னான். ஒரு லாரி விலையைக் கட்டணமாக முன்கூட்டியே கொடுத்தான். ரசீது கேட்டதற்கு, ரசீது கொடுத்தால் அதற்கும் வரி கேட்பான் என்று முடிச்சிடலாம் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அசல் பேப்பர்கள் எல்லாம் காருக்குப் போயின. வெற்றுத் தாள்களில் அவள் கையெழுத்துப் போட்டாள். போடும்போது கொழுந்தனிடம் மெதுவாகக் கேட்டாள், இந்த ஆளுக்கு ஆபீஸ் எங்கே, இவர் முடித்துக்கொடுத்த யாரையாவது நமக்குத் தெரியுமா என்று. அண்ணனிடம் கேளுங்கள் அண்ணி என்றான் அவன். அண்ணனிடம் கேட்க யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று ஒருவன் வந்து நிற்பது ஊருக்கே தெரிந்தது. சம்மட்டிக்கு மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் அவனிடம் உண்மை சொன்ன ஒரே ஆள் காதைப் பொத்திக்கொண்டு போயிருந்தார்.

மழை வந்து போயிற்று. ஃபைல் மேலே போயிருக்கிறது, முடிச்சிடலாம் என்று பதில் வந்துகொண்டிருந்தது. பிறகு போனை எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரே இல்லை என்றது. சம்பள நாளன்று பணம் எடுக்க அவள் பாங்குக்குப் போனபோது, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னார்கள். கெடுவுக்குள் ஒருவரும் பதில் போடவில்லை. முழுத் தொகையும் உறுதியாகி உத்தரவே வந்துவிட்டது. அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள். செய்தி கொண்டுவந்ததற்கு முதல் அடி அவளுக்கு விழுந்தது. கன்னத்தில் இல்லை, வயிற்றில். எடை மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதே, சம்மட்டி ஒரு லாரி அச்சின் துண்டுக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். தம்பி பின்னாலேயே ஓடினான்.

முடிச்சிடலாம் ஒரு சவரக் கடையில் அகப்பட்டார். முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சம்மட்டி பேசவே இல்லை. முதல் அடி முழங்காலில். அவர் கத்திக்கொண்டு எழுந்ததும் இரண்டாவது தாடையில். நுரை சிவப்பாகச் சுவரில் தெறித்தது. கண்ணாடி முழுக்க உடைந்து விழுந்தது. சவரக்காரர் கத்தியோடு மூலையில் ஒண்டிக்கொண்டார். கீழே விழுந்தவரின் மோதிரக் கையை மிதித்து வைத்துக்கொண்டு விரல் விரலாக அடித்தான் சம்மட்டி. "இந்தக் கையா மேஜையில போட்டது, இந்தக் கையா" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். தம்பி பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். முழங்கை ஒன்று வந்து ஆடிக்கொண்டிருந்த பல்லுக்கு முடிவு கட்டியது. போலீஸ் வந்தபோது தம்பி பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், அண்ணன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான்.

ஏமாந்தவன் ஜெயிலுக்குப் போனான், ஏமாற்றினவன் ஆஸ்பத்திரியில் ஊர் அனுதாபத்தோடு படுத்திருந்தான். கொடுத்த பணம் கிணற்றில் போட்ட கல்.

அவள் அதற்கப்புறம்தான் யோசித்தாள், வாழ்க்கையில் முதல் தரமாக, தன் காரியத்துக்குத் தானே ஆள் பிடிப்பது எப்படி என்று. முதலில் ஒரு பெரிய ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனாள். குளிர்ந்த அறை, வாசலில் ஒரு பெண். கட்டணத்தைக் கேட்டதும் அவளுக்குத் தலை சுற்றியது. வேலையை யார் பார்ப்பார்கள் என்றதற்கு, எங்கள் ஆட்களில் யாராவது என்று பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். பிறகு கால் தானாகவே மருந்துக்கடை மாடிக்கு ஏறியது. அங்கேதான் கணக்கருக்கு ஒற்றை அறை.

அவர் அவளைப் பார்த்ததும் எழுந்து கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் கூட வரவில்லை என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். வலது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். இடது காதில் ஓட்டை விழுந்துவிட்டது, இனி கேட்காதாம். அதையும் அவராகச் சொல்லவில்லை, அவள் கேட்டுத்தான் தெரிந்தது.

"மன்னிச்சிடுங்கன்னு சொல்ல வரல சார்" என்றாள். "சொன்னா காது திரும்பி வரப்போறதில்ல. இதுல ஏதாவது செய்ய வழி இருக்கா, நீங்க செய்வீங்களா, இதுதான் கேக்க வந்தேன்."

அவர் உத்தரவைப் படித்தார். வெகு நேரம் படித்தார். மேலே மின்விசிறி ஒரு கட்டைச் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது.

"வழி இருக்கு. கெடு தாண்டினாலும் நியாயமான காரணம் காட்டினா கேப்பாங்க. ஏமாத்தினான்னு ஒரு புகார் குடுத்திருந்தா நல்ல காரணம். இப்ப அவனே அடிபட்டவன்னு ஆயிட்டான். அதையும் மறைக்காம சொல்லித்தான் கேக்கணும்."

"எவ்வளவு குறையும்?"

"வரி ஒரு பைசா குறையாது. அபராதத்துல கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம். தவணை கிடைச்சா அதுவே பெருசு."

"கிடைக்கலன்னா?"

"சீல் வைப்பாங்க. அப்பவும் எனக்குக் கட்டணம் குடுக்கணும்."

அவளுக்கு ஏனோ அந்தப் பதிலில் நெஞ்சு லேசாயிற்று. கட்டணம் எவ்வளவு, ரசீது தருவீர்களா, ஆபீஸுக்கு நீங்களே வருவீர்களா, பேப்பர்களுக்கு நகல் எனக்குக் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. தெரியாததற்குத் தெரியாது என்று வந்தது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. நான் அந்தப் பட்டறைக்குள்ள கால் வைக்க மாட்டேன். எனக்குப் பயம். அப்புறம், பில் இல்லாம போன கணக்கு முழுசும் எனக்கு வேணும். அதை நாமளே ஒத்துக்கிட்டுப் போகணும். மூணாவது, தவணை கேக்கிறது நீங்க. தொழிலை நடத்துறது யாருன்னு அங்க இருக்கிற அதிகாரி அம்மா கேப்பாங்க. நான் பேருக்குத்தான் இருந்தேன்னு சொன்னீங்கன்னா, பேருக்கு இருக்கிறவங்களை நம்பி யாரும் தவணை தர மாட்டாங்க."

"நான்தான் நடத்துறேன்னு சொல்லிடட்டுமா?"

"நடத்துறீங்களா?"

அவள் உத்தரவின் தலையில் இருந்த தன் பேரைப் பார்த்தாள்.

"பொய் சொல்லச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார் அவர்.

ஜாமீனில் சம்மட்டி வெளியே வந்தபோது, அவள் தகர அறையில் உட்கார்ந்து நினைவில் இருந்த லோடுகளை எழுதிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டான். மறைக்காமல் சொன்னாள். யாரிடம் என்றான். அதையும் சொன்னாள். தகரத்துக்கிட்டயா போனே என்று கேட்டுவிட்டு, அவன் நிதானமாகக் கதவைச் சாத்தினான்.

அன்று அவன் அடித்ததைப் போல அதற்கு முன் அடித்ததில்லை. கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு எடைக் கல்லோடு முகத்தை மோதினான். உதடு கிழிந்தது, இடது கண் மூடிக்கொண்டது. ஊர்ல என் மானத்த வாங்கப் போறியா, கணக்கக் காட்டிக் குடுக்கப் போறியா என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு உதை. வெளியே சத்தம் நின்றுபோயிருந்தது. ஆட்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் சுத்தியலைப் பிடித்தபடி நின்றார்கள். கொழுந்தன்தான் தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். இரும்பு வெட்டுகிற கேஸ் நெருப்பு அவன் கையில் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணனைப் பார்த்து நீட்டவில்லை, கீழே இறக்கவும் இல்லை. சம்மட்டி அவன் கையைப் பார்த்தான், காறித் துப்பிவிட்டு வெளியே போனான். எழுதின தாள்களின் மேல் அவள் கவிழ்ந்து கிடந்தாள். அவை கசங்கியிருந்தன, கிழியவில்லை.

வரி ஆபீஸில் விசாரணை நாளன்று சம்மட்டியும் வந்தான். இவள் வாயிலிருந்து என்ன வருகிறதென்று பார்க்க வந்தான். உள்ளே விடவில்லை, வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்துதான் இருந்தது. கணக்கர் அவனைத் தாண்டிப் போகும்போது சுவரோடு சுவராக ஒட்டி நடந்தார். ஆனாலும் நடந்தார், உள்ளே போய்ப் பேப்பர்களை வரிசையாக எடுத்து வைத்தார்.

அதிகாரி நடுவயதுப் பெண். கணக்கைப் புரட்டிக்கொண்டே கணக்கரிடம்தான் கேட்டார், இத்தனை நாள் தொழிலை யார் நடத்தினது என்று. அவங்களையே கேளுங்க மேடம் என்றார் அவர்.

"என் வீட்டுக்காரர் நடத்தினார்" என்றாள் அவள். கிழிந்த உதட்டில் வார்த்தை சரியாக நிற்கவில்லை. "நான் கையெழுத்துப் போட்டேன், எடை பாத்தேன். பில் இல்லாம போனது எனக்கும் தெரியும்."

"அப்ப உங்களை நம்பி எப்படித் தவணை குடுக்கிறது? ரெண்டு மாசம் கழிச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் பேருக்குத்தான்னு வந்து நிப்பீங்க."

"நிக்க மாட்டேன். இனிமே நான் நடத்துறேன்."

"அவரு?"

"அவருக்கு அங்க வேலை இல்ல."

பெஞ்சு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"இது யார் பண்ணது?"

"அவர்தான். இந்தக் கணக்க எழுதினதுக்கு."

"ஆரம்பத்துலயே ஒரு நல்ல ஆளை வச்சுப் பதில் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா."

"நல்ல ஆள்தான் மேடம் முதல்ல வந்தார். அவரையும் அடிச்சார். அடிக்கிறவர்கிட்ட யாரும் உள்ளதச் சொல்ல மாட்டாங்க. சொன்னது இந்த சார் ஒருத்தர்தான், அவருக்கு இப்ப ஒரு காது கேக்காது."

கணக்கர் தலையைக் குனிந்துகொண்டார். ஏற்கனவே சரியாக இருந்த பேப்பர்களை மறுபடி அடுக்கினார். வாசல் பெஞ்சு காலியாகியிருந்தது.

தவணை கிடைத்தது. அபராதத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார் அதிகாரி. முதல் தவணை மாசக் கடைசிக்குள். ஒன்று தவறினாலும் மறுநாளே சீல். பாங்க் கணக்கு திறக்க உத்தரவு எழுதிக் கொடுத்தார். கணக்கர் ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்து, "அவர் அங்கதான் போயிருப்பார். தனியாப் போகாதீங்கம்மா" என்றார். கூட வருகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது உச்சி வெயில். கேட் திறந்து கிடந்தது. பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. பாதி அறுத்த பஸ் ஒன்றின் முன்னால் சம்மட்டி கடப்பாரையோடு நின்றான். ஆட்கள் நிழலில் ஒதுங்கியிருந்தார்கள், நடுவில் கொழுந்தன்.

"வாங்க முதலாளியம்மா" என்றான் சம்மட்டி. "எனக்கு வேலை இல்லையாமே."

"இல்ல. வெளிய போங்க."

அவன் சிரித்தான். ஆட்களைப் பார்த்துச் சிரித்தான், அவர்களும் சிரிப்பார்கள் என்று. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் ஆட்கள் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கக் கூடாதே என்பதுதான் அவள் கவலையெல்லாம்.

"மாசக் கடைசிக்குள்ள பணம் கட்டணும். கட்டலன்னா இந்த இடத்தப் பூட்டிடுவாங்க. உங்க சம்பளம் நான் கையெழுத்துப் போட்டாத்தான் வரும். வேலை வேணும்கிறவங்க அவரைப் பிடிச்சு வெளிய விடுங்க."

சம்மட்டி கடப்பாரையை ஓங்கிக்கொண்டு அவள் மேல் பாய்ந்தான். கொழுந்தன் குறுக்கே விழுந்தான். கடப்பாரை அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவ்வளவுதான். நிழலில் நின்றவர்கள் மொத்தமாக வந்து விழுந்தார்கள்.

வெளியே விடச் சொன்னாள். அவர்கள் விடவில்லை. ஒருவன் கடப்பாரையைப் பிடுங்கி எறிந்தான், ஒருவன் காலை வாரினான். அதற்கப்புறம் அது பிடிப்பது இல்லை, அடிப்பது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வாங்கின முதுகடியிலிருந்து இன்றுவரைக்கும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை பழகின கைகள். எங்கே அடித்தால் எது கழலும் என்று தெரிந்த கைகள். சம்மட்டி முதலில் திட்டினான், பிறகு தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், பிறகு வெறும் சத்தம்தான் வந்தது. தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான். அவன் அண்ணனைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தான்.

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே நின்றாள். மூடின கண்ணில் நீர் வழிந்தது, திறந்த கண்ணால் பார்த்தாள். வாயில் சொல் வந்துவிட்டது, அவள் அதை விடவில்லை. இன்னும் கொஞ்சம் என்று உள்ளே ஏதோ கேட்டது, அவளும் கொடுத்தாள். அவன் கை ஒன்று திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் சொன்னாள்.

"போதும்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அத்தனை கைகளும் அந்த இடத்திலேயே நின்றன. ஓங்கினவன் ஓங்கினபடி நின்றான். ஒரு சொல்லுக்கு இப்படி நிற்பார்கள் என்றால், முன்னாலேயே நின்றிருப்பார்கள்.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். மூச்சு இருந்தது. முகத்தில் மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. ஆட்களுக்கும் அப்போதுதான் பயம் வந்தது. ஒருவன் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டான். வயதான ஒருவன், போலீஸ் கேட்டால் என்னம்மா சொல்வது, வண்டி மேலிருந்து விழுந்துவிட்டான் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டான்.

"வேண்டாம்" என்றாள். "லோடு வண்டில ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. யார் அடிச்சாங்கன்னு கேட்டா, முதலாளி அடிக்கச் சொன்னாங்கன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க, உங்க யார் பேரும் வரக் கூடாது."

"நீங்க அடிக்கச் சொல்லலியே அண்ணி" என்றான் கொழுந்தன்.

"நிறுத்தவும் சொல்லலியே தம்பி" என்றாள்.

அவர்கள் இருவரையும் தூக்கி ஏற்றினார்கள். வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மிச்சமிருந்த ஆட்களிடம் அந்த பஸ்ஸை மாலைக்குள் அறுத்து முடிக்கச் சொல்லிவிட்டு, எல்லா எடைக்கும் இனிமேல் பில் உண்டு என்றும் சொல்லிவிட்டு, போலீஸ் வரும்வரை இருக்கிற நேரத்தில் பார்க்கிற வேலையைப் பார்க்கலாம் என்று தகர அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.